கூட்டிப் பெருக்கி

குரோலி. பெப்ரவரி. விடிய நாலு மணி.
மீற்றர்ப் பெட்டி கீச்சிட்டது.
சாவியைச் செருகி எடுத்தேன்.
இனி ஓடுவது அவசரக் கடன், ஐந்து பவுண்.
ஹீற்றரை நிற்பாட்டினேன்.
பிள்ளைக்கு இரண்டாவது சட்டை,
அதன்மேல் என் சால்வை,
அதன்மேல் நான்.

இந்நேரம் தயாபரன் கற்விக்கில் நிற்பான்.
ஸ்பெயினிலிருந்து வந்து நிற்கும் விமானத்தில்
நூற்றெண்பத்தொன்பது இருக்கைகளுக்கிடையே
குனிந்து குனிந்து
ஊராரின் விடுமுறையைக்
கூட்டிப் பெருக்குவான்.

இங்கே நான் கழித்துப் பிரிக்கிறேன்.

சம்பளம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
ஒற்றையறைக்கு ஒன்பது நூறு.
கமலாசினி அக்காவின் சீட்டுக்கு இருநூறு:
முதலிலேயே கழிவுக்கு எடுத்தாயிற்று,
எடுத்த காசு விசாவுக்குப் போயிற்று,
கட்டுவது மட்டும் இன்னும் பதினொரு மாதம் கிடக்கிறது.
அந்த விசாக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது,
அரசாங்கத்திடம் கை நீட்டக் கூடாதென்று.
நீட்டவில்லை.
கொப்பிக்கு மேல் கை வைத்தபடி இருக்கிறேன்.
பஸ், போன், அரிசி,
பிறகு ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே எழுத ஒன்றுமில்லை.

பால்மா ரின்னின் கழுத்தில் அலாரம் பூட்டியிருக்கிறார்கள்,
நகைக்கடையில் அட்டியலுக்குப் பூட்டுவதுபோல.
யாரோ ஒருத்தி களவெடுத்திருக்கிறாள்.
வரிசையில் நிற்கையில்
அவளைத் திட்ட நினைத்து
அவளுக்கு எத்தனை மாதப் பிள்ளையாயிருக்கும் என்று யோசித்தேன்.

முப்பத்தொன்றுக்கு ஹோல் எடுக்கேல்லையோ என்று
லூட்டனிலிருந்து மச்சாள் கேட்டாள்.
பிள்ளைக்குத் தடிமன், குளிர் குறையட்டும் என்றேன்.
பொய் சொன்ன வாய் மூட முந்தி
ஆரணி மெய்யாகவே தும்மினாள்.
நல்ல பிள்ளை. தாயைக் காட்டிக் கொடுக்காத பிள்ளை.

முந்தாநாள் ஒரு குழந்தைச் சப்பாத்துக் கிடந்ததாம்,
பதினேழாம் வரிசையில், சீற்றுக்குக் கீழே.
புதுசு. ஒற்றை.
"ஒற்றைச் சப்பாத்தை வைச்சு என்ன செய்யிறது?"
என்று சிரித்தான்.
தேநீர் ஆறிய பிறகு சொன்னான்,
தொலைந்த பொருள் பெட்டியில் போடும்போது
கை கொஞ்சம் நின்றதாம்.

நேற்று கிளினிக்.
தராசு குளிரும் என்று
நேர்ஸ் மொய்ரா தன் உள்ளங்கையை
முதலில் அதில் வைத்துச் சூடாக்கினாள்.
சிவப்புப் புத்தகத்தில் ஒரு புள்ளி போட்டாள்.
எந்த ரின் கொடுக்கிறாய் என்றாள். சொன்னேன்.
"ஏன் இவ்வளவு விலைக்கு?
எல்லாத்திலும் ஒரே சத்துத்தான்,
மலிந்ததைக் கொடு, வளருவாள்."
ஏழு வாரம்.
ரின்னுக்கு ஐந்து பவுண்படி
எத்தனை பவுணை என் பயம் குடித்தது என்று
வீடு வரும்வரை கணக்குப் பார்த்தேன்.
பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தேன்.
அதில் இரண்டு பவுண் மிச்சம்.

ஆறேகாலுக்குக் கதவு திறந்தது.
விமானத்து மருந்து நெடி அவனுக்கு முன்னே வந்தது.
நாளாந்தம் வாசலிலேயே கேட்பான்,
மீற்றர்ப் பெட்டியைப் பார்த்தபடி கேட்பான்:
"எவ்வளவு இருக்கு?"

"நாலு கிலோ நூற்றியிருபது," என்றேன்.
"போன கிழமையை விட இருநூற்றிப்பத்துக் கூட."

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன்
குனிந்தபடியே நின்றான்.
பிள்ளையின் பக்கம் வரவில்லை, கை கழுவவில்லையே.
தள்ளி நின்று
சால்வைக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் காலைப் பார்த்தான்.

பிறகு மீற்றர்ச் சாவியை எடுத்துக்கொண்டு,
பத்துப் பவுண் போட்டால் ஐந்தைப் பெட்டி பிடிக்கும்,
பதினைஞ்சாய்ப் போடுவம் என்று முணுமுணுத்தபடி
கடை திறந்துவிட்டதா என்று பார்க்கப் போனான்.