மை வைக்க இடம்

கருங்கல் அண்டி ஆபீசில்
மணியடிக்குமுன் வந்து நிற்பார் ஞானாபரணம் முதலாளி.
தூத்துக்குடியில் கப்பல் இறங்கினால்
சாக்கைக் குத்தி ஒரு அண்டி எடுத்து
பிளந்து பார்த்து ஈரம் சொல்வார்.
அது காய்க்கிற நாட்டின் பேருக்கு
எங்கள் நாக்கு வளையாது.
அவர் அந்தப் பாஷையில் விலையே பேசுவார்.

ஒரு கிறிஸ்துமசுக்கு போனஸ் கேட்டோம்.
"சல்லி கிடையாது, போங்கடி" என்று கத்தினார்.
சாயங்காலம் தந்தார்.
அவர் கத்தினால் கிடைக்கும் என்று
எங்களுக்கொரு கணக்கு.

பிறகு டெல்லியில் யாரோ கண்டெடுத்து
அதே நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள்.
கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டில்
ஒரு ஜனாதிபதியிடம் காகிதம் நீட்டுகிற படம்
பழம்பொரி மடித்த பேப்பரில் வந்தது.
எண்ணெய் ஊறி
ஜனாதிபதி முகத்தில் மறுபக்கத்து
ரப்பர் விலை தெரிந்தது.
"முதல் தரம்" என்றாள் புஷ்பலீலா,
முழுப்பருப்பைத் தட்டில் போடுகிற குரலில்.

நாலு வருஷம் கழித்து வந்தார்.
குரல் தணிந்திருந்தது.
கூலி கூட்டக் கேட்டுப் போனோம்.
நாற்காலி போட்டு உட்காரவைத்தார்,
சாயா தந்தார், ஒவ்வொருத்தி பேரும் கேட்டார்,
"உங்கள் கவலையைக் கவனத்தில் கொண்டேன்" என்றார்.
வெளியே வந்து
கிலோவுக்கு எவ்வளவு என்று
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.
சாயாவில் ஏலக்காய் மணம்.

அப்புறம் தேர்தல்.
மற்றவர்கள் ஜீப்பில் நின்றே கும்பிட்டுப் போனார்கள்.
இவர் இறங்கிக் கை பிடித்தார்.
அண்டிச் சுனை தின்ற கை,
ரேகை இல்லை என்று
ரேஷன் கடை மிஷின் தள்ளுகிற கை.
வேட்டியில் துடைத்துக்கொள்ளவில்லை.
அவர் பெருவிரலிலும் பழைய கறுப்பு ஒன்று உண்டு,
சின்ன வயசில் தல்லினது.
"லில்லிபாய், கவனிச்சுக்கோ" என்றார்.
கெஞ்சலா கட்டளையா,
இன்னும் தரம் பிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மை வைக்கிற பையன்
என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஏற்கெனவே போட்டாச்சா அக்கா?"
கேட்டுவிட்டு, அவனே வெட்கப்பட்டு
நகத்தில் கொஞ்சம் வைத்தான்.

நானூற்றுப் பன்னிரண்டில் தோற்றார்.

மறுநாள் மணிக்கு முன்னாடி நின்றார், ஆபீஸ் வாசலில்.
யாருக்கு என்று வாய் கேட்கவில்லை.
மடியில் ஒட்டிய தோட்டைத் தட்டிவிட்டு
அவர் படித்துவந்த பாஷையிலேயே சொன்னேன்:
"கவனத்தில் கொண்டோம் முதலாளி."

பார்த்தார்.
தூதராவதற்கு முந்தைய தொண்டையை
எங்கிருந்தோ எடுத்து
கத்தினார்.