பதிவேடு, 1958–59

ஹாமில்டன் கல்விச் சபையின் நிலவறையில்
எனக்கு வேலை.
பழைய வரவுப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக
ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்க வேண்டும்.
இரும்பாலைக் கரி அந்தத் தாள்களுக்குள் இன்னும் இருக்கிறது.
மதியத்துக்குள் விரல்நுனி கறுத்துவிடும்.

மேலே கவுண்டருக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.
போனேன். ஆளைக் காணவில்லை.
கவுண்டர் என் நெஞ்சுயரம்.
எட்டிப் பார்த்தால் கீழே
சக்கர நாற்காலியில் இருந்தார்,
சக்கரத்துப் பனிச்சேறு கம்பளத்தில் ஒழுக.
ஓரெஸ்ட் பாவ்லிஷின். வயது எழுபத்து மூன்று.
ஒரு சொல்லை வெளியே கொண்டுவர
அவர் உடம்பு முழுக்க வேலை செய்தது.
முதல் மூன்று சொற்களை
நான் முந்திக்கொண்டு முடித்துவைத்தேன்.
மூன்றும் பிழை.
பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நான் பள்ளிக்கூடம் போனேன்.
ஒன்பது நாள்.
அக்கா நம்பமாட்டேன் என்கிறாள்.
அந்தப் பக்கம் வேண்டும்."

தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.
பார்டன் தெருப் பள்ளி, முதலாம் வகுப்பு.
செப்டம்பர் இரண்டு முதல் பன்னிரண்டு வரை
ஒன்பது கட்டங்களில் ஒன்பது சரிக்குறிகள்.
அப்புறம் சிவப்பு மையில், வேறொருவர் கையெழுத்தில்:
கற்பிக்க இயலாதவன். வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.
சட்டம் அதற்கு அப்போது இடம் கொடுத்தது.
எல்லாப் பிள்ளைக்கும் இடம் கொடு என்று
அதே சட்டம் புரண்டு படுக்க
இன்னும் இருபத்திரண்டு வருடம் கிடந்தது.

பக்கத்தைப் புரட்டினேன், சும்மாதான்.
அக்டோபரிலும் அவர் பெயர்.
மாதம் பிறந்தால் ஆசிரியர்
எல்லாப் பெயரையும் புதிதாக எழுத வேண்டும்.
மிஸ் ரட்லெட்ஜ் எழுதியிருக்கிறார்,
பதினேழாவது வரியில்,
மற்றப் பிள்ளைகளுக்கு எழுதிய அதே நீல மையில்.
நவம்பரிலும் எழுதியிருக்கிறார். டிசம்பரிலும்.
நாளுக்கு ஓர் 'ஏ'.
வரவில்லை, வரவில்லை, வரவில்லை.
மார்ச் மாதத்தில் யாரோ அந்த வரியை அடித்திருக்கிறார்கள்.
ஏப்ரலில் மறுபடி அதே நீல மை.
ஜூன் முடியும்வரை.
துணிச்சலா, கைப்பழக்கமா,
தலைமையாசிரியரோடு வேறு ஏதோ பழைய சண்டையா,
தாள் சொல்லாது.

ஆங்கிலத்தில் அதற்கு ஓர் எழுத்து போதும்.
என் மொழியில்
வரவில்லை என்பதற்கும்
வரவிடவில்லை என்பதற்கும் நடுவே
இரண்டெழுத்து.
அந்த இரண்டெழுத்தையும் விழுங்கிவிட்டுத்தான்
எந்தப் பதிவேடும் மூடுகிறது.

நகலுக்குப் பக்கம் இருபத்தைந்து சதம். பத்துப் பக்கம்.
வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை.
காசை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.
பின்னால் நின்றவர் இரண்டு முறை பெருமூச்சு விட்டார்.
ஜூன் பக்கத்தில் மடங்கிய விரலை ஊன்றிக்கொண்டு
ஓரெஸ்ட் சிரித்தார்.
சிரிப்பு மட்டும் அவருக்கு ஒரே மூச்சில் வந்தது.
"அப்படியென்றால் என்னை எடுக்கவில்லை.
நான் லேட்.
அவ்வளவுதான்."

பதினொன்றே முக்காலுக்குக் கைபேசி அதிர்ந்தது.
மிதுனாவின் பள்ளி.
துணைக்கு இருக்கும் டீச்சர் இன்றைக்கும் விடுப்பாம்.
மதியத்தோடு மகளைக் கூட்டிப் போக முடியுமா என்று
மிக மிக மரியாதையாகக் கேட்டார்கள்.
அவளுக்கென்று பதினான்கு பக்கத் திட்டம் இருக்கிறது.
கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.
கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டேன், வழக்கம்போல.
பிறகு கையை வெளியே எடுத்தேன்.

"சாப்பாட்டுக்குப் பிறகு
அவள் பெயருக்கு நேரே
என்ன எழுதுவீர்கள்?"

மறுமுனையில் ஒரு சொல் தொடங்கி
நடுவில் நின்றது.
அதை நான்
முடித்துவைக்கவில்லை.