புள்ளிக்கோடு

"இது என்ன கட்டடமுங்க?
கடையா, கம்பெனியா, வீடா,
ஏதாச்சும் ஒரு கட்டத்துல டிக் போடுங்க."
மூன்றிலும் போட்டேன்.
கார்ப்பரேஷன் ஆபீசில் அவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

திருப்பூர், பெருமாநல்லூர் ரோட்டை விட்டு
உள்ளே இரண்டாவது வீதி. ஆறரை சென்ட்.
வெள்ளியங்கிரி கேட்டது இவ்வளவுதான்:
"கீழ கடை, நடுவுல தையல் மிசினு, மேல நாங்க.
ஆனா ஆர்டர் நிக்கிற வருசம் என்ன பண்றதுன்னு
இப்பவே சொல்லீருங்க."

எனக்குத் தெரிந்தது கம்பிக் கணக்கு.
நகராதவை மூன்று என்று எழுதிக் கொடுத்தேன்:
தூண், படிக்கட்டு, குழாய் இறங்கும் பொந்து.
தூணுக்கும் தூணுக்கும் இருபத்திரண்டு அடி,
நடுவே ஒன்றுமில்லை.
கரண்ட் தலைக்கு மேலே தட்டில் ஓடும்,
வேண்டிய இடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.
உயரம் பன்னிரண்டு.
"பத்து பத்தாதுங்களா?" என்று கோகிலவாணி
மிச்ச இரண்டடிக்கு ஆகும் செங்கல்லை
என் முன்னாலேயே செல்போனில் பெருக்கி,
வந்த தொகையை என் பக்கம் திருப்பி வைத்தார்.
நான் காபியைக் குடித்தேன்.

மேல்மாடியில் மட்டும் ஒரு செங்கல் சுவர்.
முன்பாதி வீடு, பின்பாதி வாடகைக்கு,
படியிலிருந்து தனித்தனி வாசல்.
அந்தச் சுவரில், கதவே இல்லாத இடத்தில்,
ஏழடி உயரத்தில் ஒரு லிண்டல் போடச் சொன்னேன்.
"கதவு எங்கீங்க மேடம்?" என்றார் மேஸ்திரி சடையப்பன்.
"இன்னும் வரல."
சிரித்துக்கொண்டே கம்பி கட்டினார்.
மேலே பூசி, பட்டி பார்த்து, வெள்ளையும் அடித்தாயிற்று.
படத்தில் மட்டும் இருந்தது, புள்ளிக்கோடாக.

மூன்றாம் வருசம் ஆர்டர் நின்றது.
முப்பத்தாறு மிசினில் எட்டு மிச்சம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேர், ஒரு டப்பா திருகாணி:
ஓவர்லாக் ஓடிய ஹாலில் பலகைத் தடுப்பு நின்றது.
இந்தப் பக்கம் கணக்கு டியூஷன்,
அந்தப் பக்கம் ரெஹானாவின் பிசியோதெரபி,
மூலையில் எட்டு மிசின்.
போய்ப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது,
சத்தம் காதில் விழும்வரை.
சுவரை நகர்த்தத் தெரிந்த எனக்கு
சத்தத்தை நிறுத்தத் தெரியவில்லை.
பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு கத்த,
முழங்கால் ஆபரேஷன் ஆனவர்கள்
அதே தாளத்தில் காலைத் தூக்கி இறக்கினார்கள்.
நூத்திப் பன்னெண்டில் ஒருவர் வலியில் கத்தினார்.
ரெஹானா சொன்னாள்: "பழகீட்டாங்க மேடம்.
லீவு நாள்லதான் எண்ண மறந்துர்றாங்க."

மிசினை விற்றதில் வந்த பேச்சு
படியேறி வீட்டுக்குள் போயிருந்தது.
பின்பாதிக்கு ஆள் வரவில்லை;
வெள்ளியங்கிரி தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு
அங்கே போய்விட்டார்.
இரண்டு வாசல், இரண்டு பால் பாக்கெட்,
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
ஒருவருக்கொருவர் ஒதுங்கி நிற்க
அகலம் போதுமாக நான்தான் வரைந்திருந்தேன்.

போன மாசி மாசம், ராத்திரி ஒன்பதரைக்கு
கோகிலவாணி போன் பண்ணினார்.
நலம் விசாரிப்பு இல்லை.
"அந்தப் புள்ளிக்கோடு எந்த எடத்துலீங்க?"

சடையப்பன் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார்.
ஓரிடத்தில் ஓசை மாறியது.
பென்சிலால் கோடு போட்டு,
லிண்டலுக்குக் கீழே முதல் கல்லை உருவினார்.
ஓட்டை வழியாக அந்தப் பக்கம்
ஒரு டம்ளரும் கொடியில் ஒரு லுங்கியும் தெரிந்தன.
ஆள் இல்லை, அல்லது ஓரமாக நின்றிருந்தார்.

கதவு எந்தப் பக்கம் திறக்கணும் என்று கேட்டேன்.
டேப்பை மடக்கியபடி காத்திருந்தேன்.
கீழே பிள்ளைகள் பதினேழுக்குப் போயிருந்தார்கள்.

"கதவு இப்பத்திக்கு வேண்டாமுங்க," என்றார்.
"நெலவு மட்டும் வெச்சு உடுங்க."