தாங்காதா

ஜேக்கப்ஸ், டர்பன். மீன் குளிர்கிடங்கின் பின்கட்டு.
பழைய கம்ப்ரசரைக் கழற்றிப் போய்விட்டார்கள்.
எட்டு போல்ட், ஒரு கண்டம் அளவு எண்ணெய்க் கறை,
அதற்குக் கீழே மேடை.

"நாலு டன்னை நாற்பத்தாறு வருஷம் தாங்கிச்சு,
ஏழைத் தாங்காதா?"
டெரன்ஸ் படையாச்சி கேட்பதும் நியாயம்தான்.
வாசலில் கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது.

வரைபடத்தில் கனம் தொள்ளாயிரம் மில்லிமீட்டர்.
போன வாரம் துளைத்தபோது
தொள்ளாயிரம் தாண்டியும் கருவி
கான்கிரீட்டையே கடித்துக்கொண்டிருந்தது.
ஆயிரத்து நூற்றெண்பதில்தான் மண்.
யாரோ அதிகமாகத் தோண்டிவிட்டு
மேஸ்திரிக்குத் தெரியாமல் ஊற்றி மூடியிருக்கிறான்.
அந்தத் தவறுக்கு நன்றி எழுத
என் அறிக்கையில் கட்டம் இல்லை.

பதினொன்றரைக்கு ஆய்வகத்திலிருந்து போன்:
உருளைகள் முப்பத்தொன்றில்தான் நொறுங்கின.
கேட்டதைவிட ஆறு கூடுதல்.
டெரன்ஸ் கிரேன்காரருக்குக் கை காட்டப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க."
துளையின் அடியில் தண்ணீர் மினுங்கியது.
காலையில் இல்லை.
கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்குகிற தண்ணீர்.
அன்று கருவியின் நுனியில் ஒட்டி வந்த களிமண்
இன்னும் என் பையில், பிளாஸ்டிக் உறைக்குள்;
கட்டைவிரல் அழுத்தினால் அப்படியே உள்ளே போகிறது.
கான்கிரீட் சரி என்றுவிட்டது.
கான்கிரீட்டைச் சுமப்பதிடம் யாரும் கேட்கவில்லை.

"எடை இல்லை, டெரன்ஸ். நிமிஷத்துக்கு எழுநூற்றிருபது உதறல்.
நின்றால் தாங்கும்."

ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று வேண்டும் அவருக்கு.
இன்னும் இரண்டு துளை, ஆறு மீட்டர் ஆழம்
என்று எழுதிக் கொடுத்தேன்.

கிரேன் போன பிறகு
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
காலி மேடைமேல் ஏறி
ஒரு முறை
குதித்துப் பார்த்தார்.