நிலுவை இல்லை

ஓய்வு பெறுகிற வாரம்
பதினோரு கையெழுத்து வாங்க வேண்டும்.
நூலகம், விடுதி, கூட்டுறவுச் சங்கம்,
ஒருநாளும் கால்வைக்காத உடற்கல்வித் துறை.
வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர் தர்மக்கண்
பேரேட்டைப் புரட்டிவிட்டு
"உடைஞ்ச குடுவை ஒண்ணுமில்ல மேடம்" என்றார்.
முப்பத்துமூன்று வருஷம்
கோப்பையில், கையுறையில், மண்டையோட்டின் உதட்டில்,
வேதப்புத்தகத்தின் அட்டையில்
விஷம் தடவிக் கற்பித்தவள் நான்.
நிலுவை இல்லை என்று முத்திரை குத்தினார்.

பாளையங்கோட்டையின் இரண்டு மணி வகுப்பில்
இத்தாலியப் பிரபுக்கள் வரிசையாகச் செத்து விழுவார்கள்,
மின்விசிறி நின்றால் இன்னும் சீக்கிரம்.
ஒரு நாடகத்தையும் மேடையில் பார்த்ததில்லை.
லண்டனுக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது,
அந்த மாதம் அப்பாவுக்கு டயாலிசிஸ்.
என் ஆய்வேடு முழுக்க
அச்சுக்கோத்தவன் விட்டுவிட்ட ஒரு சொல்லைப் பற்றி.
உள்ளே வந்தவன் வெளியே போனான் என்று
போட மறந்த இடங்கள் நூற்றுப்பதினாறு.
இதனால் என்ன பிரயோசனம் என்றார் வைவாவில் ஒருவர்.
அவர்கள் இன்னும் மேடையில் நிற்கிறார்கள் சார், என்றேன்.
அவருடைய டீ ஆறிப்போனது.

பழைய ஆங்கிலமும் எடுத்தேன்,
எடுக்க வேறு ஆளில்லை.
ஆயிரம் வருஷத்து விடுகதையை வாசித்து முடிக்குமுன்
கடைசி பெஞ்சு வள்ளியூர்ப் பிள்ளைகள்
"வெங்காயம்!" என்று கத்திவிட்டு
வேறெதையோ நினைத்துச் சிரித்தார்கள்.
இரண்டு விடையும் சரிதான்.

பலவேசம் மூன்றாவது பெஞ்சு.
இரண்டாமாண்டில்
அவன் அப்பாவைப் பஸ் நிறுத்தத்தில் வைத்து வெட்டினார்கள்.
பதினாறாம் நாள் கழிந்து
மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தான்.
வினாத்தாள் நான் எடுத்தது,
ஒரு மாதம் முன்பே சீல் வைத்து அனுப்பியது:
தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க
மகன் ஏன் தாமதிக்கிறான்? பதினைந்து மதிப்பெண்.
மற்றவர்கள் நான்கு பக்கம் எழுதியிருந்தார்கள்,
மனச்சோர்வு, மதம், ஐயம்.
அவன் தாளில் ஒரே சொல், அதுவும் தமிழில்.
தாமதிக்கட்டும்.
சிவப்புப் பேனாவைத் திறந்து
ராத்திரி முழுக்க வைத்திருந்தேன்.
எத்தனை போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
எப்படியும் அவன் தேறவில்லை,
மற்ற தாள்கள் இருந்தன.

போன செவ்வாய், திசையன்விளை வண்டி.
விசிலைப் பல்லில் கடித்தபடி கண்டக்டர் வந்தான்.
காதோரம் நரை.
"முக்கா மணி நேரம் லேட்டு மேடம்" என்றான்,
என்னைத் தெரிந்தா தெரியாமலா.
அந்த நிறுத்தம் வந்தது.
விசில் கொடுத்தான்.
இரண்டு பேர் இறங்கினார்கள்,
வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரைக்
கைகொடுத்து ஏற்றினான், டிக்கெட் கிழித்தான்,
அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
மறுபடி விசில்.

எனக்குத் தரவேண்டிய மீதி ஏழு ரூபாயை
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்திருந்தான்.
இறங்கும்போது நான் கேட்கவில்லை.
பதினோரு கையெழுத்துக்கும் அடியில்
அந்தத் துண்டுத்தாள் இருக்கிறது.
இருக்கட்டும்.