சுடாத காற்று

தெமட்டகொடைப் பாலத்தடியில்
பதினெட்டு வருசமாய்க் கராஜ் வைத்திருக்கிறேன்.
ஏசி குளிரவில்லை என்று வருவார்கள்,
சண்டைக்கும் நிற்பார்கள்.
ஹீட்டர் சுடவில்லை என்று வந்தவர்
இவர் ஒருவர்தான்.

மே மாத மதியம். தகரக் கூரை.
பெயர் சுபோதினி, தாதி.
நுவரெலியாவுக்கு மாற்றமாம்.
இரவு வேலை முடித்து விடியப்புறம் இறங்கினால்
கண்ணாடி முழுக்கப் பனி,
ஸ்டியரிங்கில் விரல் மரத்துப்போகும் என்று
யாரோ பயங்காட்டியிருக்கிறார்கள்.

எஞ்சினை ஓடவிட்டு
குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன்.
வந்த காற்றில் கையை நீட்டி
சூடா இல்லையா என்று
எனக்கே பிடிபடவில்லை.
இந்த ஊரில் வெறும் மூச்சே அவ்வளவு சூடு.

அவர் கைப்பையைத் திறந்தார்.
காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து
காற்றுத் துவாரத்தின் வாயில் பிடித்தார்.
முப்பத்து மூன்று.
"நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, நானா"
என்றார், சிரிக்காமல்.

ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்துமட்டும்.
ஊசி நடுவில் நிற்கிறது,
தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல வழியில்லை.
விசிறி சுற்றுகிறது.
உள்கதவு டக்கென்று திறப்பதும் கேட்டது.
மிச்சம் இரண்டு குழாய்.
வெந்நீர் உள்ளே போக ஒன்று, திரும்பி வர ஒன்று.
டோர்ச்சை அடித்துக் குனிந்தேன்.

ஒன்றும் உள்ளே போகவில்லை.
எஞ்சினில் புறப்பட்ட குழாய்
வளைந்து எஞ்சினுக்கே திரும்பியிருந்தது.
சுவரில் நீட்டிய இரண்டு மூக்கிலும்
சைக்கிள் டியூப் துண்டு.
அதன்மேல் சிவப்பு டெலிபோன் வயர்,
இடப்பக்கமாய் மூன்று முறுக்கு.

இடக்கைக்காரன் முறுக்கு.
இந்தக் கராஜில் இடக்கைக்காரன் நான் ஒருவன்.

ஏழு வருசமிருக்கும். அப்போது கார் வேறொருவருடையது.
ஏசி இன்னும் குளிரவேண்டும் என்றார்.
"கொழும்பில் ஹீட்டர் எதுக்கு சேர்?"
கேட்டவன் நான்.
ஆயிரத்தைந்நூறு.

"முந்தி எவனோ அடைச்சு வெச்சிருக்கான் மிஸ்."

அவர் வயரைப் பார்த்தார்.
என் மேசை விளக்கைத் தூக்கிக் கட்டியிருந்த
சிவப்பு வயரையும் பார்த்தார்.
பேசவில்லை.

மூக்குகளைத் திறந்து நீரடித்தேன்.
தேத்தண்ணி நிறத்தில் துரு வந்தது,
வாளி வாளியாக,
பிறகு வெளிறி, பிறகு தெளிந்து.
புதுக் குழாய் இரண்டு, கிளிப் நான்கு.
பத்து நிமிடம் ஓடவிட்டதும்
கருவி கீச்சிட்டது. இலக்கம் போய்விட்டது,
அதன் எல்லைக்கு மேலே.

குழாய்க்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
"கைக்கூலி?" என்றார்.
"அது முந்தியே எடுத்தாச்சு மிஸ்."

பேஸ்லைன் வீதி நெரிசலில்
நாலு கண்ணாடியும் ஏற்றியபடி
நெற்றியெல்லாம் வியர்த்து ஒழுக
ஹீட்டரை அணைக்காமலே போனார்.