குளப்படி நீர்

கைபேசி வரைபடத்தில்
ஓடை இன்னும் நேர்கோடுதான்.
அதன்படி நான் இப்போது
தண்ணீருக்கு நடுவில் நிற்கிறேன்.
செருப்பு நனையவில்லை.

"அது குழாயில் போட்டிருந்த ஓடை.
இதற்கு மூன்று வயதுதான்,
எந்தப் பக்கம் புரண்டு படுப்பதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை" என்கிறாள் கெர்லிண்டே.

ஸ்பெஸ்ஸார்ட் மலைகளின் ஒரு மடிப்பு.
ஜூன், சனிக்கிழமை.
மின்கம்பியின் பிடியைக் கழற்றி
உள்ளே போய் மறுபடி மாட்டுகிறோம்.
வேலி டக், டக் என்று
நாக்கைச் சொடுக்குகிறது.

ஐம்பது வருஷம் இங்கே ஸ்ப்ரூஸ் மரங்கள்.
நண்பகலில் விளக்கு கேட்கும் இருட்டு.
புல் கிடையாது.
ஊசியிலை ஊறி ஊறித்
தண்ணீர் புளித்துப்போயிருந்ததாம்.
இப்போது அடிக்கட்டைகள் மட்டும்.
ஒன்றில் உட்கார்ந்து
வெள்ளரிக்காய் நறுக்குகிறோம்.

மாடுகள் பதினேழு என்றாள்.
எண்ணினேன், பதினாறு வந்தது.
பதினேழாவது
என் பிடரியில் மூச்சு விட்டது.
செந்நிறம். நெற்றியில் காய்ந்த சேறு.
காதில் மஞ்சள் சீட்டு.
வாயில் வேரோடு ஒரு பிர்ச் கன்று.
பக்கத்தில் அதன் கன்று,
தின்பதைப் பார்த்தபடி.

இரண்டுக்கும் எங்கள் மொழியில்
ஒரே சொல் என்றேன்.
ஜெர்மனில் சொன்னபோது சப்பென்றிருந்தது.
"அப்படியானால் உங்கள் ஊரில்
மாடு மரத்திலா காய்க்கும்?" என்றாள்
வாய் நிறைய வெள்ளரியோடு.

மேயாத மூலையைக் காட்டினாள்.
போன வருஷம் வேலிக்கு வெளியே விட்ட இடம்.
முழங்கால் உயரத்துக்கு ஆல்டரும் முள்ளும்.
வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக
மூடத் தொடங்கியிருந்தது.
இந்தப் பக்கம் வெயில்
புல்லில் உருண்டுகொண்டிருக்கிறது,
பதினேழு வாய்களின் தயவில்.

ஓடைக் கரையில் குளம்புத் தடங்கள்.
ஒவ்வொன்றிலும் உள்ளங்கைத் தண்ணீர்.
அற்பம் என்று சொல்ல
எங்களிடம் ஒரு பழைய சொல்: குளப்படி நீர்.
குப்புறப் படுத்துப் பார்த்தேன்.
கறுப்பாய் எட்டுத் தலைப்பிரட்டைகள்,
அப்புறம் மஞ்சள் வயிற்றுத் தேரை ஒன்று
என்னைப் பார்த்ததும்
மேகத்தின் நிழலுக்குள் போய்விட்டது.
கெர்லிண்டே நோட்டில் எழுதினாள்:
பள்ளம் இருபத்து மூன்று. எட்டு. ஒன்று.

எழுதிக்கொண்டே,
தலை நிமிராமல் சொன்னாள்:
"மரங்களை நட்டவர் என் மாமனார்.
வெட்டக் கையெழுத்துப் போட்டவள் நான்.
மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது,
உப்பைக் கூட என்னிடம் கேட்பதில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மாடு ஓடைக்குள் இறங்கி
நாலு புதுப் பள்ளம் வைத்துவிட்டு ஏறியது.
கலங்கல் தெளியும்வரை
இருவரும் அதையே பார்த்தோம்.

திரும்பும்போது வேலிக்கு வெளியே
சாம்பல் நிறக் கார் ஒன்று.
கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது.
ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகள்,
தோலெல்லாம் பட்டை உரிந்த மாதிரி.

கெர்லிண்டே கம்பியின் பிடியை
நிதானமாக மாட்டினாள்.
கார் பக்கம் திரும்பவில்லை.
எனக்குச் சொல்வதுபோல்,
எனக்குத் தேவையில்லாத சத்தத்தில் சொன்னாள்:

"பதினேழும் இருக்கின்றன."